கொத்தனார் கையில் கித்தார்!

விடியற்காலையில் மொரப்பூர் ரெயிலடிக்குப் போய்ப் பாருங்கள். வண்டிக்காகக் காத்திருப்பவர்களில் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். தோளில் ஒரு பை. பைக்குள் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், மணியாசுக் கட்டை. இன்னொரு கையில் சோற்றுத் தூக்கு.

நம் தருமபுரிச் சீமை மழையை நம்பிய சீமை. மழை பொய்த்தால் ஆணும் பெண்ணும் வெளியூருக்கு வேலை தேடிப் போகிறார்கள். பெங்களூரில் எழுந்து நிற்கும் மாடிகளிலே நம் ஊர்க் கைகளின் உழைப்பும் இருக்கிறது.

அந்தப் பைக்குள் கரணையோடு ஒரு புல்லாங்குழலும் இருந்தால் என்ன சொல்வோம்? "இவனுக்கு எதற்கு இந்த வேலை?" என்று நாலு பேர் சிரிப்பார்கள். "பாட்டு சோறு போடுமா?" என்று வீட்டிலே கேட்பார்கள்.

சிரிக்க வேண்டாம். அமெரிக்க நாட்டில் கொத்து வேலை செய்த இருவர் ஒரு நாள் கித்தாரை எடுத்தார்கள். பிறகு உலகமே அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. அவர்களில் ஒருவர் 2009-ல் காலமானார். மற்றவர் 2022-ல் காலமானார். அவர்கள் கதை நம் ஊருக்கும் வேண்டிய கதை. ஆகவே இன்று அதைச் சொல்கிறோம்.

அடகுக் கடையில் வாங்கிய கித்தார்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. இங்கே உள்ள ஊர் டகோமா.

டகோமாவில் பிறந்தவர் டான் வில்சன். 1958-ல் அவருக்கு வயது 25. அவருடைய தகப்பனார் பழைய கார்களை விற்கும் தொழில் செய்தார். மகனும் அங்கே வேலை பார்த்தார். ஒரு நாள் கார் வாங்க ஒருவர் வந்தார். அவர் பெயர் பாப் போகிள். வயது 24. சிறு வயதிலேயே செங்கல் அடுக்கும் வேலைக்கு வந்துவிட்டவர்.

கார் வியாபாரத்தில் தொடங்கிய பேச்சு கித்தாரில் போய் நின்றது. இருவருக்கும் அதில் ஆசை. ஆனால் இருவருக்கும் வாசிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான். சில நாட்களில் வில்சனும் போகிளோடு கொத்து வேலையில் சேர்ந்துகொண்டார். பகலில் கல்லும் கலவையும். இரவில் இசை.

நல்ல கித்தார் வாங்கக் கையில் பணம் இல்லை. அடகுக் கடைக்குப் போனார்கள். யாரோ அடகு வைத்து மீட்காமல் விட்ட பழைய கித்தார்கள் இரண்டை மலிவாக வாங்கினார்கள். குருநாதர் யாரும் இல்லை. இரவெல்லாம் தடவித் தடவித் தாங்களாகவே கற்றார்கள்.

சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வெடித்த விரல்கள் அவை. அந்த விரல்களால் கம்பியை அழுத்துவது எவ்வளவு வலிக்கும் என்பது கொத்தனார் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எண்ணெய் தடவிவிடும் கை அவர்களுடையது அல்லவா?

தாய் கொடுத்த தைரியம்

குழுவுக்கு "வென்ச்சர்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். துணிந்து இறங்குவது என்று அதற்குப் பொருள். இசைத்தட்டுக் கம்பெனியிடம் போனார்கள். கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மற்ற வீடாக இருந்தால், "போதும், வேலையைப் பார்" என்று சொல்லியிருப்பார்கள். வில்சனின் தாயார் ஜோசி அப்படிச் சொல்லவில்லை. தாமே ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். மகனும் மகனின் நண்பரும் வாசித்ததைத் தட்டாக வெளியிட்டார்.

1960-ல் வந்த அந்தத் தட்டின் பெயர், தமிழில் சொன்னால், "நட, ஓடாதே." மெட்டு அவர்களுடையது அன்று. ஜானி ஸ்மித் என்ற கித்தார் மேதை 1954-ல் போட்ட மெட்டு. செட் அட்கின்ஸ் என்ற இன்னொரு பெரிய வித்துவான் வாசித்த தட்டைக் கேட்டு இவர்கள் கற்றார்கள். அவர்களைப் போல நுணுக்கமாக வாசிக்க இவர்களால் முடியாது. ஆகவே எளிமையாக்கினார்கள். தாளத்தை அழுத்தமாகப் போட்டார்கள். நடக்கிற மெட்டு துள்ளத் தொடங்கியது.

உள்ளூர் ரேடியோ நிலையம் ஒன்று செய்திக்கு முன்னால் இந்தத் தட்டைப் போட்டது. "இது யார் வாசிப்பு?" என்று கேட்டு ஜனங்கள் மொய்த்தார்கள். முன்பு வேண்டாம் என்ற கம்பெனியே தட்டை வாங்கி நாடெங்கும் விற்றது. அமெரிக்காவில் அதிகம் விற்கும் தட்டுகளின் பட்டியலில் அது 2-வது இடத்துக்கு ஏறியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தட்டில் முரசு வாசித்தவர் வேறு ஓர் இளைஞர். விற்பனையில் பங்கு வேண்டுமா, கையில் ரொக்கம் வேண்டுமா என்ற நிலை வந்தது. அவர் 25 டாலர் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, குடும்பத்தின் பெட்ரோல் கடை வேலைக்குப் போய்விட்டார். லட்சக்கணக்கில் விற்ற தட்டுக்கு அவர் பெற்றது அவ்வளவுதான். இன்றைய செலவுக்குப் பணம் தேவைப்படும் ஏழைக் கலைஞனின் நிலை எந்த நாட்டிலும் ஒன்றுதான்!

சொல் இல்லாத பாட்டு

வென்ச்சர்ஸ் குழுவில் பாடகர் கிடையாது. கித்தார் மூன்று, முரசு ஒன்று. அவ்வளவுதான். "வார்த்தை இல்லாமல் என்ன பாட்டு?" என்று கேட்கலாம். நம் வீட்டுக் கலியாணத்தில் நாதசுரம் வாசிக்கிறார்கள். அதில் யாராவது வார்த்தை தேடுகிறோமா? கெட்டிமேளம் கொட்டும்போது கண்ணில் நீர் வருகிறதே, எந்த வார்த்தை அதை வரவழைத்தது?

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கருவி இசை புரியும். பாஷை தெரியாத ஊரிலும் புரியும். கருவி இசையின் பெரிய பலம் இதுதான்.

மின்சாரக் கித்தார் எப்படி ஒலிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கும். அதைச் சுற்றி மயிர் போன்ற செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மேலே உள்ள எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஒரு பெட்டி பெருக்கும். ஒலிபெருக்கி வழியாக நாதம் வெளியே வரும். கித்தாரின் ஓரத்தில் ஒரு சிறிய கைப்பிடியும் உண்டு. அதை அழுத்தினால் கம்பி தளரும். ஸ்வரம் வழுக்கி இறங்கும். கேட்பதற்கு நம் கமகம் போல இருக்கும்.

வேறொரு வித்தையும் இருக்கிறது. பெட்டிக்குள் சுருள்வில் ஒன்றை வைத்து, அதன் வழியாக ஒலியை அனுப்புவார்கள். அப்போது ஒலி, கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டது போலத் திரும்பித் திரும்பி வரும். கடல் அலை வந்து அடிப்பதைப் போன்ற பிரமை உண்டாகும்.

அலைமேல் பிறந்த இசை

இந்த இசைக்கு "அலை இசை" என்று பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் இளைஞர்கள் பலகைமீது நின்று அலையில் சறுக்கி விளையாடுவார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இப்போது மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டில் கெட்டிக்காரர்களாகி இருக்கிறார்கள். அந்த விளையாட்டின் வேகத்தை இசையாக்கியதுதான் அலை இசை.

இதற்குத் தந்தை என்று பெயர் பெற்றவர் டிக் டேல். 1937-ல் பிறந்து 2019-ல் மறைந்தவர். தகப்பன் வழியில் லெபனான் நாட்டுக்காரர். இடது கைப் பழக்கம் உள்ளவர். 1962-ல் அவர் வாசித்த "மிசர்லூ" என்ற பழைய கிழக்கத்திய மெட்டு உலகப் புகழ் பெற்றது.

அந்த மெட்டின் ஸ்வரங்கள் எவை தெரியுமா? நம் குழந்தைகள் பாட்டு வாத்தியாரிடம் முதல் நாள் சரளி வரிசை கற்கிறார்களே, அந்த மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்கள்தான்! ஏழு கடல் தாண்டிப் போனாலும் ஸ்வரம் ஏழுதான்.

வென்ச்சர்ஸ் குழு அலை இசை பிறப்பதற்குச் சற்று முன்பே தொடங்கியது. அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. அலை இசை பரவிய பிறகு அதையும் தன்னுடையதாக்கிக் கொண்டது. "நட, ஓடாதே" மெட்டையே 1964-ல் அலை இசையாக மாற்றி வாசித்தார்கள். அதுவும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. பிறகு 1969-ல் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றின் தொடக்க இசையை வாசித்து 4-வது இடம் பெற்றார்கள்.

இடம் கொடுத்த பெரிய மனது

குழுவில் பிறகு சேர்ந்தவர் நோக்கி எட்வர்ட்ஸ். முதலில் அவருக்குக் கிடைத்தது அடித்தாளக் கித்தார். அதாவது, முன்னால் நின்று மெட்டு வாசிப்பவர் போகிள். பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பவர் எட்வர்ட்ஸ்.

கொஞ்ச காலத்தில் போகிளுக்கு ஓர் உண்மை தெரிந்தது. எட்வர்ட்ஸின் விரல்கள் தம் விரல்களைவிட வேகமானவை. குழுவைத் தொடங்கியவர் போகிள். "என் குழு, நான்தான் முன்னால் நிற்பேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னிடத்தை எட்வர்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் அடித்தாளக் கித்தாரை எடுத்துக்கொண்டார்.

நம் ஊரில் எத்தனை பஜனைக் குழு, எத்தனை கூத்துக் குழு, எத்தனை சங்கம் "யார் தலைவர்?" என்ற சண்டையிலே உடைந்திருக்கிறது! சுவர் கட்டுகிறவனுக்கு ஒன்று தெரியும். அடியில் போகும் கல் வெளியே தெரியாது. ஆனால் சுவரே அதன்மேல்தான் நிற்கிறது. போகிள் கொத்தனார் அல்லவா? அவருக்கு அது தெரிந்திருந்தது.

ஜப்பானில் மூண்ட மோகம்

1962-ல் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. நாலு பேருக்கும் செலவு செய்ய அழைத்தவரிடம் பணம் இல்லை. வில்சனும் போகிளும் மட்டும் போனார்கள். 1965-ல் குழு முழுவதும் போனது. ஜப்பானிய இளைஞர்களுக்குக் கித்தார் பைத்தியம் பிடித்துவிட்டது! பள்ளி மாணவர்கள் மின்சாரக் கித்தாரைத் தொடக்கூடாது என்று சில ஊர்களில் கல்வி அதிகாரிகள் தடை போடும் அளவுக்கு மோகம் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் எதிர் எதிராக நின்று சண்டையிட்ட இரண்டு நாடுகள் அவை. போர் முடிந்து இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அமெரிக்கக் கொத்தனாரின் விரலுக்கு ஜப்பானிய மாணவன் தாளம் போட்டான். இவர்கள் போட்ட மெட்டுகளுக்கு ஜப்பானியக் கவிஞர்கள் சொல் எழுதினார்கள். 1970-ல் அப்படி வந்த ஒரு பாட்டு அந்த நாட்டில் முதலிடம் பெற்றது. 2010-ல் ஜப்பான் அரசு "உதய சூரியன்" விருது தந்து இவர்களைக் கௌரவித்தது.

இவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நாம் மிகவும் பாராட்டுகிறோம். 1965-ல் கித்தார் கற்பிக்கும் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்வரம் எழுதப் படிக்கத் தெரியாதவனும் தட்டைக் கேட்டுக்கொண்டே விரலை எங்கே வைப்பது என்று கற்கலாம். பாடம் சொல்லும் அந்தத் தட்டு, பாட்டுத் தட்டுகளோடு போட்டியிட்டு விற்பனைப் பட்டியலில் ஏறியது. வாத்தியார் இல்லாமல் கஷ்டப்பட்டுக் கற்றவர்கள், அடுத்தவன் அந்தக் கஷ்டம் படக்கூடாது என்று நினைத்தார்கள்.

மாலை வந்தது, கழுத்து இல்லை

காலம் யாரையும் விடுவதில்லை. குழுவின் முரசுக்காரர் மெல் டெய்லர் 1996-ல் காலமானார். அவர் இடத்தில் அவர் மகன் லியோன் உட்கார்ந்தார்.

அமெரிக்காவில் ராக் இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. வென்ச்சர்ஸ் குழுவை அங்கே 2008-ல்தான் சேர்த்தார்கள். முதல் தட்டு வந்து 48 ஆண்டுகள் கழித்து! அந்தக் கௌரவத்தில் மெல் டெய்லர் பெயரும் இருந்தது. ஆனால் அவர் மறைந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. மாலை வந்தபோது கழுத்து இல்லை.

மறு ஆண்டு, 2009 ஜூன் 14 அன்று போகிள் காலமானார். வயது 75. எட்வர்ட்ஸ் 2018-ல் மறைந்தார். குழுவில் பல்லாண்டு வாசித்த இன்னொரு கித்தார்க்காரர் ஜெரி மக்கீ 2019-ல், ஜப்பானில் கச்சேரிக்குப் போன இடத்திலேயே உயிர் நீத்தார். 2022 ஜனவரி 22 அன்று டான் வில்சன், தாம் பிறந்த டகோமாவிலேயே, 88-வது வயதில் கண் மூடினார்.

அடகுக் கடைக்குப் போன இருவரும் இன்று இல்லை. ஆனால் குழு நிற்கவில்லை. முரசுக்காரர் மகன் போன்ற அடுத்த தலைமுறையினர் அதை ஏற்றார்கள். கட்டியவன் போனாலும் வீடு நிற்கிறது.

நம் வீட்டு நாதம்

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் 1969-ல் ஒரு பிள்ளை பிறந்தான். தகப்பனாரின் மாண்டலினை ஆறு வயதில் கையில் எடுத்தான். "இது வெள்ளைக்காரன் வாத்தியம், கர்நாடக சங்கீதத்துக்கு ஆகுமா?" என்று கேட்டார்கள். மின்சார மாண்டலினில் கம்பிகளை மாற்றி அமைத்து, கமகத்தை அதில் வரவழைத்துக் காட்டினான் பையன். பன்னிரண்டு வயதில் சென்னை ரசிகர்கள் வாய் பிளந்தார்கள். அவர்தான் மாண்டலின் சீனிவாஸ். 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதிலேயே நம்மை விட்டுப் போனார். அன்று அழுத கூட்டம் பெரியது.

சரி, அவர்கள் எல்லாம் பேர் பெற்றவர்கள். பேர் பெறாதவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்?

நம் ஊர்த் திருவிழாவில் பம்பை அடிக்கிறவர் பெயர் நமக்குத் தெரியுமா? தெருக்கூத்தில் விடிய விடிய முகவீணை ஊதுகிறவர் பெயர் தெரியுமா? கலியாணத்தில் நாதசுரமும் தவிலும் வாசிக்கிறவர்களுக்கு எந்தப் பந்தியில் இலை போடுகிறோம்? சாவு வீட்டில் பறை அடித்தவரை எங்கே உட்கார வைக்கிறோம்? பேசிய பணத்தை அன்றே கொடுக்கிறோமா, "அடுத்த வாரம் வா" என்று அலைய விடுகிறோமா?

இப்போது பல வீடுகளில் பெட்டியில் பதிவான இசை ஓடுகிறது. செலவு குறைவு, உண்மைதான். ஆனால் பெட்டி, மணப்பெண் முகத்தைப் பார்த்து ராகத்தை மாற்றாது. தாலி கட்டும் நேரத்தை அறிந்து தானாகக் கெட்டிமேளம் கொட்டாது. ஒரு கலைஞனின் அடுப்பு எரிவதற்கும் அது உதவாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கலியாணப் பத்திரிகையில் மேளக்காரர் பெயரைப் போடுங்கள். அவருக்கும் முதல் பந்தியில் இலை போடுங்கள். கூலியைக் கைமேல் கொடுங்கள். வாசித்து முடித்ததும், "நன்றாக இருந்தது, ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். செத்த பிறகு ஆள் உயர மாலை போடுவதைவிட, உயிரோடு இருக்கும்போது ஒரு முழம் பூ மேல்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை படிக்கட்டும், தொழில் கற்கட்டும். சோறு போடுவது அதுதான். ஆனால் வேலை முடிந்த இரவில் அவன் ஒரு குழலையோ, தவிலையோ, கித்தாரையோ எடுத்தால் தடுக்காதீர்கள். சாராயக் கடைக்குப் போகிற நேரம் அது. சீட்டாட்டத்துக்குப் போகிற நேரம் அது. அந்த நேரத்தை நாதத்துக்குக் கொடுக்கிறவன் கெட்டுப் போகமாட்டான். மகன் உலகப் புகழ் பெறாவிட்டாலும் குற்றமில்லை. மாலை நேரத்தில் வீட்டிலே ஒரு நல்ல ஓசை இருந்தால் போதும்.

நாளை காலை மொரப்பூர் ரெயிலடியில் கரணைப் பையோடு ஒருவர் நிற்பார். அந்தப் பையிலிருந்து ஒரு குழல் எட்டிப் பார்த்தால், பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் கொடுங்கள். "வண்டி வருகிறவரைக்கும் கொஞ்சம் வாசியுங்கள், அண்ணே" என்று கேளுங்கள்.